வைகுந்தத்தில் இரண்டு குழாய்

முட்டி வலிக்குப் பயந்து வானத்துக்கு ஓடிய கூட்டம் அது. கடைசிக் காலத்தில் காசி, ராமேஸ்வரம் என்று போனவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். இவர்களுக்கு அதெல்லாம் படி ஏற வேண்டிய இடங்கள். பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஓர் உலோகக் கூட்டுக்கு ‘வைகுந்தம் ரெசிடென்சி’ என்று பெயர் வைத்து, ‘எடையில்லா முதுமை, வலியில்லா வாழ்வு’ என்று விளம்பரமும் கொடுத்தான் ஓர் அடுக்குமாடி வியாபாரி. உயிரோடு இருக்கும்போதே வைகுந்தம் என்றால் நம் ஆட்களுக்குக் கசக்குமா? ஓய்வுபெற்ற அதிகாரிகள், அரிசி ஆலை முதலாளிகள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வாட்ச்மேனோடு பேசிப் பொழுதைக் கழித்த தம்பதிகள் எல்லோரும் காட்டை விற்று, வீட்டை விற்று வரிசையில் வந்து நின்றார்கள்.

தையல்நாயகியும் அந்த வரிசையில்தான் நின்றாள். அதை அவள் மறைத்ததில்லை. மாயவரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், நாள் முழுக்க நின்று நின்றே வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டவள். மேலே போய்ச் சேர்ந்த அன்று, பல வருஷங்களுக்குப் பிறகு வலியில்லாமல் காலை நீட்டி மடக்கியபோது சந்தோஷத்தில் அழுதே விட்டாள். அந்தக் கண்ணீர்கூடக் கீழே இறங்கவில்லை. கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு நின்று எரிந்தது. வைகுந்தத்தின் லட்சணம் அப்போதே அவளுக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

விளம்பரத்தில் போடாத சங்கதிகள் ஒவ்வொன்றாக வந்தன. ரத்தம் மேலே ஏறி முகம் உப்பியது, கால் குச்சியானது. நடக்காத உள்ளங்காலில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து, சாப்பிடும் இடத்தில் மிதந்தது. முதுகெலும்பு தளர்ந்து எல்லோரும் கொஞ்சம் உயர்ந்தார்கள். தூங்கும்போது முகத்துக்கு நேராக விசிறி ஓட வேண்டும். அது நின்றால் விட்ட மூச்சே தலையைச் சுற்றிக் குமிழாகத் தேங்கி, ஆள் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டியதுதான். கண்ணை மூடினால் இருட்டுக்குள் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. குடியிருப்போர் சங்கத்து ஆட்கள் அதை ஜோதி தரிசனம் என்று முடிவு கட்டி, கூட்டுத் தியானத்துக்கு ஏற்பாடே செய்துவிட்டார்கள்.

“ஜோதி இல்லக்கா அது” என்று பக்கத்து அறை மீனாம்பாவிடம் தையல்நாயகி சொன்னாள். “எங்கயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சப்போ கிளம்பின துகள், உங்க கண்ணைத் துளைச்சுக்கிட்டுப் போவுது. நீங்க பாக்கறது தரிசனம் இல்ல, ஓட்டை.” மீனாம்பா அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. உண்மை சொன்னவளுக்கு ஊரில் என்ன மரியாதையோ, அதேதான் வானத்திலும்.

எல்லாவற்றிலும் மோசமானது எலும்பு. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். அதைத் தடுக்க வேண்டுமானால் தினமும் வார்ப்பட்டையால் உடம்பை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஓடும் பட்டையின் மேல் நெடுநேரம் நடக்க வேண்டும். நடந்தால் முட்டி வலிக்கும். அங்கே வேலை செய்த நூறு பேரும் முனகாமல் நடந்தார்கள், அவர்களுக்கு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. குடியிருந்த எண்பது பெரியவர்கள் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. “கோடி கோடியா குடுத்து வந்தது எக்சர்சைஸ் பண்ணவா?” என்று சங்கத் தலைவர் கேட்டார், எல்லோரும் கை தட்டினார்கள். இனி அவர்களில் யாராவது பூமியில் கால் ஊன்றினால் தொடை எலும்பு முறியும் என்பது அப்புறம்தான் தெரிய வந்தது. பிள்ளைகளிடம் சொன்னபோது, “அதனால என்னப்பா, அங்கயே சௌக்கியமா இருங்க” என்றார்கள். திரையில் அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியைத் தையல்நாயகி ஒருத்திதான் கவனித்தாள், அல்லது கவனித்ததாக ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் சிவப்பிரகாசம்தான். சர்க்காரில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். உயரம் கூடியதைக்கூடப் பதவி உயர்வாகத்தான் எடுத்துக்கொண்டார். சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாழ்நாளில் ஒரு டம்ளரிலும் அவர் உதடு பட்டதில்லை. அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, சொட்டுச் சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார். கட்டிய மனைவியின் டம்ளரானாலும் அப்படித்தான்.

வைகுந்தத்தில் ஏது அண்ணாந்து குடிக்க? மேலும் கிடையாது கீழும் கிடையாது. தண்ணீர் ஊற்றினால் விழாது, உருண்டு முகத்தில் அப்பிக்கொள்ளும். குழல் வைத்த பையில் வாய் வைத்து உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். அந்தப் பைகளும் கழுவி, திரும்ப நிரப்பி, எல்லோருக்கும் சுற்றி வருபவை. சிவப்பிரகாசம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரிதான் தண்ணீர் குடித்துவந்தார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதுவரை அவர் கேட்டதில்லை. பொறியாளராம்! அங்கே ஆறுமில்லை மழையுமில்லை. எல்லோருடைய சிறுநீரும் வியர்வையும் மூச்சின் ஈரமும் இரண்டு பெரிய இயந்திரங்களுக்குள் போய், கொதித்து, வடிந்து, குடிதண்ணீராகத் திரும்பி வரும். எந்த ஊர்க் குழாயிலும் அவ்வளவு சுத்தமான தண்ணீர் வராது, தையல்நாயகி சோதித்தே பார்த்திருந்தாள். ஆனால் எல்லோருடையது என்றால் எல்லோருடையதும்தான். சமையல்காரர், கழிப்பறை துடைப்பவர், படுக்கை மாற்றுபவர் எல்லோரும் அதில் சேர்த்தி. யாரோ ஒரு புது ஆள் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவைக்க, சிவப்பிரகாசம் அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்குக் கிளம்பும் முன் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு முற்றியது.

“நான் சாதி பாக்கறவன் இல்ல நாயகி, உனக்கே தெரியும். ஆனா...”

“அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் வர்றதைத்தான் ஊர்ல சாதின்னு சொல்றாங்க.”

“அவங்க பக்கம் கருவாடு சாப்பிடறாங்க. நாம சைவம். அதெல்லாம் தண்ணியில கலக்குது. ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?”

“கருவாடு தின்னவன் மூத்திரம், கத்திரிக்கா தின்னவன் மூத்திரம்னு மிஷினுக்குத் தெரியாது. தண்ணி தண்ணிதான். ஒரு சொட்டுல கோடானுகோடி அணு இருக்கு. அதுல சைவ அணு எதுன்னு காட்டுங்க, நானே தனியா எடுத்துத் தர்றேன்.”

“நீ இன்னும் காலேஜ்ல இருக்கறதா நெனப்பு.”

“சரி, காலேஜ் பாடமே சொல்றேன், கேளுங்க.” அவள் குரலில் கிண்டல் போய்விட்டது. “நம்ம எலும்பு கரைஞ்சு போறது எங்க? நம்ம மூத்திரத்துல. சுண்ணாம்பா போவுது. அவங்க தினமும் நடக்கறாங்க, அவங்க தண்ணியில சுண்ணாம்பு கம்மி. ரெண்டும் கலக்கறதாலதான் மிஷின் ஓடுது. தனியாப் பிரிச்சீங்கன்னா, நம்ம மிஷின் உள்ள சுண்ணாம்பு அடிச்சு இறுகிப்போயிடும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கிட்னிதான் வேலை செய்யுது. தண்ணி கொறஞ்சா முதல்ல படுக்கப்போறது நீங்க.”

அவர் எருமையின் மேல் மழை பெய்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டு மிஷின் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. இதுல என்ன பெரிய விஞ்ஞானம்?” என்று சொல்லிவிட்டு மிதந்து போனார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கிய தையல்நாயகியைத் தலைவர் கவனிக்கவில்லை. டாக்டர் நஸ்ரின் எந்தக் குழாயில் சேர்த்தி என்று மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. நம்மைத் தொட்டு வைத்தியம் பார்ப்பவர், அதனால் நம் குழாய்தான் என்று பெருந்தன்மையாக முடிவு செய்தார்கள். இரண்டு இயந்திரத்தையும் இணைத்த குழாயை வெறுமனே அடைத்தால் போதாது, வெட்டியே எடுக்க வேண்டும் என்றும், இனி ஒரு பக்கத்து இயந்திரத்தின் மேலும் தண்ணீர் மேலும் மறுபக்கத்துக்கு உரிமையும் கிடையாது பொறுப்பும் கிடையாது என்றும் சிவப்பிரகாசமே வாசகம் எழுதினார். வேலைக்காரர்கள் தரப்பில் சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். யாரும் வரவில்லை. தண்ணீர் இயந்திரங்களின் பொறுப்பாளர் எஸ்தர், “சரிங்க சார்” என்று சொல்லி மறுநாளே குழாயை வெட்டிக் கொடுத்தாள். அந்த அடக்கத்தைத் தலைவர் வெகுவாகப் பாராட்டினார்.

தனிக் குழாயில் வந்த முதல் தண்ணீருக்குப் பூஜை போட்டார்கள். நெருப்புக்கு அனுமதியில்லாத இடம், ஆகவே பேட்டரிக் கற்பூரம். சிவப்பிரகாசம் முதல் வாய் உறிஞ்சிவிட்டு, “என்ன ருசி, காவேரி மாதிரி!” என்றார். மேலே போன யாருக்கும் மூக்கடைப்பில் ஊறுகாய்க் காரமே உறைக்காது. இவருக்குக் காவேரி இனித்ததாம்.

சில மாதம் காவேரி ஓடியது. பிறகு மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு ஒரு நாள் இயந்திரம் பல்லைக் கடிக்கிற சத்தம் போட்டு நின்றது. திறந்து பார்த்தபோது உள்ளே சுழல வேண்டிய உருளை, சுவரோடு சேர்ந்து வெள்ளை வெளேரென்று ஒரே பாறையாகக் கெட்டித்திருந்தது. எண்பது பேருடைய இடுப்பும் தொடையும் முதுகும் அங்கே படிந்திருந்தன. உளியால் கொத்தினால் உருளை உடையும், புது உருளை பூமியிலிருந்து வரும் அடுத்த கப்பலில்தான் வர வேண்டும். கப்பலுக்கு இன்னும் பல வாரம் இருந்தது. கீழே கம்பெனியைக் கேட்டார்கள். தண்ணீர்ப் பங்கீடு உங்கள் சங்கத்தின் உள்விவகாரம், உங்கள் தீர்மானம் எங்களிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதைத் தீர்மானம் போட்டு வைத்துக்கொண்ட முதல் சங்கம் இதுவாகத்தான் இருக்கும்.

அவசரத்துக்கு வைத்திருந்த தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தார்கள். நாக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் அது காணும். அப்போதும் அந்தப் பக்கம் போய்க் கேட்கலாம் என்று ஒரு வாயும் திறக்கவில்லை. அங்கே கீழே விழ வழியே கிடையாது, இருந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்டிக்கொண்டார்கள்.

முதலில் படுத்தது சிவப்பிரகாசம்தான்.

இடுப்பில் ஆரம்பித்த வலி அவரை இறாலைப் போலச் சுருட்டிவிட்டது. டாக்டர் நஸ்ரின் படம் எடுத்துப் பார்த்தாள்.

“கல்லும்மா” என்று தையல்நாயகியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “எலும்புல இருந்து வந்த கால்சியம்தான். வேலை செய்யற ஒரே கிட்னியோட வாயில வந்து நிக்குது. நிறையத் தண்ணி குடிச்சா நகர்ந்து வெளிய போயிடும். சின்னக் கல்லுதான்.”

“குடிக்கலன்னா?”

“அடைச்சுக்கும். இங்க ஆப்பரேஷனுக்கு வசதி இல்ல. கீழ அனுப்பவும் முடியாது, அவங்க எலும்பு இறங்குறதைத் தாங்காது. நாளைக்கு, இல்ல நாளை மறுநாள். அதுக்கு மேல என்னால சொல்ல முடியல.”

“எவ்வளவு தண்ணி வேணும்?”

நஸ்ரின் சொன்ன அளவு அவர்கள் அறை வரிசையில் இருந்த எல்லோருடைய பங்கையும் சேர்த்தாலும் வராது. தையல்நாயகி தன் பங்கை அப்படியே கொடுத்தாள். மீனாம்பாவிடம் போய் நின்றாள். மீனாம்பா தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைவருக்காகக் கூட்டுப் பிரார்த்தனை வைப்பதாகச் சொன்னாள்.

தையல்நாயகி பிரார்த்தனைக்குக் காத்திருக்கவில்லை. கைப்பிடிகளைப் பற்றிப் பற்றி, வெட்டிய குழாயின் மூடிய முனையைத் தாண்டி, அந்தப் பக்கம் போனாள். அங்கே நடைப்பட்டைகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வார்ப்பட்டை கட்டி நடந்துகொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எஸ்தர் இயந்திர அறையிலிருந்து துண்டால் கையைத் துடைத்தபடி வந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், தையல்நாயகியை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

“வாங்க டீச்சர். சார் எப்படி இருக்காவ?”

“தண்ணி இல்லன்னா செத்துப்போயிடுவார், எஸ்தர்.” பீடிகை போட அவளுக்குத் தெம்பில்லை. “குழாயைத் திரும்பச் சேர்த்துடும்மா. எங்க புத்தியைச் செருப்பால அடிச்சுக்கணும், அதை அப்புறம் அடிச்சுக்கிறோம். இப்ப சேர்த்துடு.”

எஸ்தர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“சேக்க மாட்டோம் டீச்சர். நேத்தே கூடிப் பேசிட்டோம்.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. உள்ளதைச் சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீக. குழாய் ஒண்ணா இருந்தப்போ நான் மாசத்துக்கு ரெண்டு தரம் மிஷினைப் பிரிச்சு உங்க சுண்ணாம்பைச் சுரண்டிக்கிட்டு கிடந்தேன். கொஞ்சம் நடங்க சார், எங்க மிஷின் தாங்காதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட எத்தனை வாட்டி கேட்டிருப்பேன்! அவிய கேக்கல. உங்களைப் பிரிச்சு விட்டுட்டா நாங்க நிம்மதியா இருப்போம்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா வயசான மனுஷங்களைத் தனியா விடுங்கன்னு எந்த வாயால கேக்க? அப்பதான் நீங்களாவே வந்து பிரிச்சு விடுங்கன்னீங்க.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“சார் தீர்மானம் போட்ட அன்னைக்கு எங்க பக்கம் பாயசம் வச்சோம் டீச்சர்.”

தையல்நாயகிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக இந்த ஜனங்கள் அவமானப்பட்டுக் கிடப்பார்கள் என்று நினைத்து, நடையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இவர்கள் பாயசம் வைத்திருக்கிறார்கள். இரக்கப்பட்டதுகூடத் தன் கொழுப்புதானோ என்று இருந்தது அவளுக்கு.

“அப்ப அவர் சாக வேண்டியதுதானா?” என்று கேட்டாள். “எனக்கு அந்த மனுஷன் வேணும், எஸ்தர். நல்லவருன்னு சொல்ல வரல.”

“ஐயோ, யாரு சொன்னா அப்படி!” எஸ்தர் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி இல்லைன்னு சொல்ல எங்களுக்கு வாய் வராது. சாருக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டும் தருதோம். மத்தவங்களுக்கும் உசுரு நிக்குற அளவுக்குத் தருதோம். குடுத்த தண்ணி எங்களுக்குத் திரும்ப வராது, உங்க மிஷின் செத்துக் கெடக்கு. கப்பல் வர்ற வரைக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொறச்சுக்கிடுவோம். கலக்க மட்டும் மாட்டோம். பெறவு கலக்கணும்னா எல்லாரும் வந்து பட்டையைக் கட்டி நடக்கட்டும், சுண்ணாம்பு எறங்கட்டும், அப்ப பாப்போம்.”

“நான் நாளைக்கே வர்றேன்” என்றாள் தையல்நாயகி. சொல்லும்போதே வலது முட்டி சுரீர் என்றது.

எஸ்தர் நிரம்பிய பைகளை ஒரு வலையில் போட்டுக் கட்டினாள். கொடுக்கும்போது, கண்ணைப் பார்க்காமல், “இன்னொண்ணு டீச்சர். இந்தப் பையெல்லாம் திருப்பித் தர வேண்டாம். அங்கயே வச்சுக்கிடுங்க” என்றாள்.

“ஏன்? பை தட்டுப்பாடுதானே உங்களுக்கு?”

“உங்க பக்கத்து வாய் பட்டதை இங்க கழுவுனா, அந்தத் தண்ணி எங்க மிஷின்லதான எறங்கும்.”

“எஸ்தர், வாய்ல ஏதும்மா சுண்ணாம்பு?”

எஸ்தருக்குத் தெரியாததா? தண்ணீரில் என்ன இருக்கிறது என்று படித்துத்தான் அவளும் வந்திருந்தாள். துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“மிஷினுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ஆளுவளுக்குத்தான்... ஒரு மாதிரி இருக்காம்.”

தையல்நாயகி வலையை வாங்கிக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு வேதியியலில் மறுமொழி கிடையாது என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

அறையில் சிவப்பிரகாசம் சுவரோடு கட்டிய தூக்கப் பைக்குள் முனகிக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. பைகளைப் பார்த்ததும் கண் பெரிதானது, உடனே சுருங்கவும் செய்தது.

“எங்கேருந்து?”

“அந்தப் பக்கத்துலேருந்து.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். “செத்தாலும் பரவாயில்ல.”

“செத்தா என்ன ஆவும்னு தெரியுமா உங்களுக்கு?” தையல்நாயகி அவர் முகத்துக்கு நேராக நகர்ந்தாள். “இங்க எரிக்க நெருப்பில்ல, புதைக்க மண்ணில்ல. ஒரு பையில போட்டு வெளிய தள்ளிவிடுவாங்க. அங்க புழுகூட உங்களைத் தொடாது. காய்ஞ்சு விறைச்சு, சுத்திக்கிட்டே கிடப்பீங்க. தனியா. ரொம்ப சுத்தமா. அதுதானே வேணும் உங்களுக்கு?”

அவர் தூக்கப் பையின் விளிம்பை மோவாய் வரை இழுத்து மூடிக்கொண்டார்.

“தீர்மானம் போட்டப்போ மிஷின் இறுகிப்போயிடும்னு சொன்னேன். கேக்கல. நடங்கன்னு எஸ்தர் சொன்னா. கேக்கல. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த இடத்துல வேற யாரும் இல்லங்க. பிள்ளைங்க நம்மளைக் கைகழுவி நாளாச்சு. நாப்பது வருஷமா உங்களைத் திட்டியே பழகிட்டேன். நீங்களும் போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்? குடிங்க.”

குழலை உதட்டருகே கொண்டுபோனாள். தலைவர் அதை வெகு நேரம் பார்த்தார். அவருக்குள் என்ன தீர்மானம் நிறைவேறியதோ தெரியாது. திடீரென்று வாயை வைத்து, கண்ணை மூடாமல், மூச்சு விடாமல் உறிஞ்சினார். பை சப்பையாகி ஒட்டிக்கொண்டது. இன்னொன்று கேட்டார். அதுவும் தீர்ந்தது. மூன்றாவதைத் தானே பிடுங்கிக்கொண்டார். குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. தையல்நாயகி அவர் தலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இப்படியே நாள் முழுக்கக் குடித்தார். சாயங்காலம் டாக்டர் நஸ்ரின் வந்து பார்த்துவிட்டு, கல் நகர ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள். பிழைத்துக்கொள்வார். நஸ்ரின் போன பிறகு தையல்நாயகி சத்தமாகவே அழுதாள்.

வலி குறைந்ததும் மனுஷனுக்குத் தலைமைப் பதவி திரும்பிவிட்டது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

“சங்கத்துல இதைச் சொல்ல வேண்டாம் நாயகி.”

“மத்தவங்களுக்கும் அங்கேருந்துதான் வருது. அவங்களும் உங்ககிட்ட இதையேதான் சொல்லுவாங்க.”

“சரி சரி.” அவர் தொண்டையைச் செருமினார். காலியான பைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, நீவி, ஒரே அளவாக அடுக்கி அவளிடம் நீட்டினார். முகத்தில் பெரிய மனுஷக் களை வந்திருந்தது. “இதைக் கொண்டுபோய்க் குடுத்துடு. நன்றின்னு நான் சொன்னதாச் சொல்லு. யார் சாமானையும் நாம வச்சுக்கிறவங்க இல்ல.”

“வாங்க மாட்டாங்க.”

“ஏன்?”

“நம்ம வாய் பட்டுது.”

அவர் புரியாமல் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை. பைகள் கையை விட்டு ஒவ்வொன்றாக நழுவி அவருக்கும் அவளுக்கும் நடுவே மிதந்தன. கை தானாகப் போய் உதட்டைத் தொட்டுப் பார்த்தது.

“நம்ம வாயில என்ன?”

தையல்நாயகியிடம் இதற்குச் சொல்ல ஏளனமாக ஆயிரம் இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது ஒன்றுகூட வரவில்லை.

“நல்லாக் கழுவினாப் போகாதா, நாயகி?” என்று கேட்டார் அவர்.

“போகாதாம்” என்றாள்.